அவிருக்கு ஒரு கரண்டி

மலை தன் உயரத்தையெல்லாம் இறக்கி வைத்துவிட்டுச் சோளக்காடாக மாறும் இடத்தில் குரு தேவானையின் குடில் இருந்தது. ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, சில மாடுகள், பேருந்து வந்து திரும்பிப் போகும் புளியமரத்தடி. தங்கியிருந்தவர்களும் அதிகமில்லை. ஒரு பந்திக்குள் அடங்கிவிடுவார்கள்.

அந்தப் பந்திக்கு ஒரு வழக்கம் உண்டு.

பொழுது சாயும் முன்பே சாப்பாடு. எல்லோரும் தரையில் ஒரே வரிசையாக உட்கார வேண்டும். சமையல்காரன் அங்குராசு குழம்புச் சட்டியோடு ஒவ்வொரு இலையாக வருவான். அவன் யார் முன்னால் நிற்கிறானோ அவரைப் பற்றி அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் சொல்ல வேண்டும். அன்று என்ன செய்தார், எப்படி இருந்தார் என்று சில வார்த்தைகள். ஆனால் அவரைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அவர் அங்கே இல்லாததுபோல அங்குராசுவைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

“அவள் இன்னைக்கு மோட்டாரைச் சரி பண்ணினாள். என் மேல கோபப்பட்டாள்.”

“யாருக்கு?” என்று அங்குராசு கேட்பான்.

“அவளுக்கு.”

பிறகுதான் கரண்டி சாயும்.

வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். தேவானையும் சேர்ந்து சிரிப்பாள். “முதுகுக்குப் பின்னால பேசறதுதான் நிஜமான பேச்சு. அந்தப் பேச்சை முன்னால வெச்சே பேசிப் பழகறோம்” என்பாள்.

குருவுக்கும் அதே வரிசை, அதே தரை. அவளும் வெறும் ‘அவள்’தான். “அவள் இன்னைக்குத் தியானத்துல தூங்கிட்டாள். குறட்டை விட்டாள்” என்று ஒருநாள் சொன்னார்கள். அன்றும் அவளுக்குக் கரண்டி சாய்ந்தது.

விருந்தாளிகளுக்கு மட்டும் இது கிடையாது. அவர்களுக்குச் சுவரோரம் ஒரு பெஞ்சு. முதலில் அவர்களுக்குத்தான் பரிமாறுவார்கள். “அவருக்கு அப்பளம் வை” என்பார்கள். அவரைப் பற்றி வேறெதுவும் சொல்ல மாட்டார்கள். பெஞ்சில் இருக்கும்வரை அவர். தரைக்கு இறங்கிவிட்டால் அவன், அல்லது அவள்.

சிற்றம்பலம் அப்படி இறங்கியவன். வயது ஐம்பத்து நான்கு. வானொலியில் செய்தி வாசித்தவன். கண்ணாடிச் சுவருக்குள் தனியாக உட்கார்ந்து, சிவப்பு விளக்கு எரிந்ததும் பேசத் தொடங்குவான். எத்தனையோ நாட்டுத் தலைவர்களின் பெயர்கள், எத்தனையோ பூகம்பங்கள். ஒரு சொல்லிலும் அவன் நாக்கு இடறியதில்லை. அவனுக்கு இருந்த கர்வம் அது ஒன்றுதான்.

வெளியுலகில் எல்லோருக்கும் அவன் ‘அவர்’. அலுவலகத்தில் அவர், தெருவில் அவர், மருமகளுக்கு அவர். அம்மா போன பிறகு, அவனை ‘அவன்’ என்று சொல்ல உலகத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. இது ஒரு குறையா என்றுகூட அவன் யோசித்ததில்லை. குடிலில் தரைக்கு இறங்கிய முதல் நாள், இடப்பக்கம் இருந்த செங்கமலம் அங்குராசுவைப் பார்த்துச் சொன்னாள்.

“அவன் பூசணிக்கொடிக்குத் தண்ணி ஊத்தினான். வாளியைக் கிணத்துல போட்டுட்டான்.”

“யாருக்கு?”

“அவனுக்கு.”

அன்று சிற்றம்பலம் மறுபடியும் மறுபடியும் குழம்பு கேட்டு வாங்கினான். ஆகவே இந்தக் கதையிலும் அவன் அவன்தான்.

மழை விட்ட ஒரு மத்தியானம், பேருந்து புளியமரத்தடியில் பொழிலை இறக்கிவிட்டுப் போயிற்று. முப்பது வயது இருக்கும். சேலத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டிக் காய்த்த கைகள். தோளில் ஒரு பை. பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்ட நாட்கள் குறைவு. சீக்கிரமே கையில் விளக்குமாறு வந்தது, பிறகு மாட்டுக் கொட்டகையே வந்தது.

ஒரு காலையில் தேவானை கொட்டகைக்குப் போனாள். சிற்றம்பலம் பக்கத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தான்.

“இன்னைக்கு நீ தரையில உட்காரு, பொழில். உன்னை எப்படிச் சொல்றது?”

“அவிர்னு சொல்லுங்கம்மா.”

“சொல்லிக் காட்டு.”

“அவிர் வந்திர். அவிர் சாப்பிட்டிர். அவிரைக் கூப்பிடு. அவிருக்குச் சோறு போடு.”

தேவானை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “அவிர் மாட்டைக் குளிப்பாட்டினிர்.”

“அதேதாங்கம்மா.”

“எங்க கிடைச்சுது?”

“சேலத்துல ஒரே ரூம்ல சில பேரு இருந்தோம். எங்களுக்கு அவனும் ஒட்டல, அவளும் ஒட்டல. டீ குடிச்சுட்டே பேசிப் பேசி உண்டாக்கினது. மத்தவங்க வேற வேற சொல்லுக்குப் போயிட்டாங்க. எனக்கு இதுவே நின்னுடுச்சு.”

சிற்றம்பலம் விறகைக் கீழே வைத்தான். “அதற்குப் பொருள் என்ன?”

“பொருள்னு தனியா ஒண்ணும் இல்லீங்கய்யா. நாந்தான்.”

வரிசையில் புதியவருக்குக் கடைசி இடம். கடைசிக்கு முந்தைய இடம் சிற்றம்பலத்தினுடையது. அதாவது பொழிலைப் பற்றித் தினமும் சொல்ல வேண்டியவன் அவன்தான்.

அன்று முழுவதும் அவன் உதடு அசைந்துகொண்டே இருந்தது. ஒரு மனிதர் வந்ததைச் சொல்ல வேண்டுமானால் வந்தான், அல்லது வந்தாள். ஐம்பது ஆண்டுகளாக அவன் வாய் இந்த இரண்டு கதவுகளில் ஒன்றைச் சாத்தித்தான் வாக்கியத்தை முடித்திருக்கிறது. புதிய கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றே தெரியவில்லை. பொழில் மீது அவனுக்கு வெறுப்பு இல்லை. தன்னைத்தானே கேட்டுப் பார்த்தான். இல்லைதான். இருந்தது பயம். எல்லார் முன்னிலையிலும் இடறிவிடுவோமோ என்ற பயம்.

மாலையில் அங்குராசு கடைசி இலைக்கு வந்தான். சிற்றம்பலம் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

“இன்று கிழக்கு வேலி முழுமை பெற்றது. கொட்டகையில் ஈரம் இல்லை. மாடுகளின் கண்களில் அமைதி தெரிகிறது. இத்தனையும் பொழிலின் கைவண்ணம்.”

“அடேங்கப்பா” என்றாள் செங்கமலம். “அப்படியே எட்டு மணிச் செய்தி.”

“யாருக்கு?” என்றான் அங்குராசு.

“பொழிலுக்கு.”

கரண்டி காற்றில் சற்று நின்றது. சொல்பவரைத் திருத்த அங்குராசுவுக்கு உரிமை இல்லை. குழம்பு சாய்ந்தது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். பால் கறக்கப்பட்டது, எரு அள்ளப்பட்டது, கன்று நலமாக இருந்தது. ஒவ்வொரு வாக்கியமும் நீரில் அலசிய கண்ணாடிபோல இருந்தது. எதிலும் அவனும் இல்லை, அவளும் இல்லை, அவிரும் இல்லை. இதில் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை என்று சிற்றம்பலம் தனக்குச் சொல்லிக்கொண்டான்.

அங்குராசுவின் சமையல்கட்டில் வேறு விதமாக நடந்துகொண்டிருந்தது.

“அவன் எங்க போனான் அந்தத் தூக்குவாளியை எடுத்துக்கிட்டு? அட, அவிர். அவிர் எங்க போனிர்? நாக்கா இது, எருமை! ரோட்டுல போடான்னா குட்டைக்குப் போகுது.”

“புடிச்சுக் கட்டுங்கண்ணா” என்று கொட்டகையிலிருந்து பதில் வரும். பின்னாலேயே ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்பு பந்தியில் கேட்பதில்லை. சிற்றம்பலம் அதைக் கவனித்தான். கவனிக்காததுபோல இருந்தான்.

பிறகு ஒரு மாலை பொழிலின் இலை பெஞ்சில் இருந்தது. அங்குராசு ஒன்றும் கேட்காமல் முதலில் அங்கே பரிமாறினான். கடைசி இடம் காலியாக இருந்தது. சிற்றம்பலம் சொல்வதற்கு அன்று ஆள் இல்லை. அவன் தயாரித்து வைத்திருந்த வாக்கியம் வாய்க்குள்ளேயே ஊறிப்போயிற்று.

காலையில் அவன் கொட்டகைக்குப் போனான்.

“பெஞ்சில் ஏன் உட்கார்ந்தீர்கள்?”

“விருந்தாளிதானுங்கய்யா. ரெண்டு நாள்ல கிளம்பிடுவேன். சேலத்துல வண்டி இன்னும் இருக்குது.”

“நான் ஏதாவது தவறாகச் சொன்னேனா?”

“தப்பே இல்லீங்க. ரொம்ப அழகாச் சொல்றீங்க. ரேடியோ கேக்கற மாதிரியே இருக்குது. அதுல நான் ஒருத்தர்தான் இல்ல.”

“பெயர் சொல்கிறேனே.”

“சொல்றீங்க. ஆஸ்பத்திரியிலயும் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்க.”

“அங்குராசு தினமும் தவறாகச் சொல்கிறான். அது பரவாயில்லையா?”

“அண்ணன் தப்பாச் சொல்றப்ப என்னைத் தேடறாரு. தேடித் தேடி ஒரு வழியா வந்து சேந்துடறாரு. நீங்க தேடவே இல்லீங்களே.”

பொழிலின் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் சிற்றம்பலத்துக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவன் தேவானையிடம் போனான். அவள் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளு.”

“மனம் முழுக்கப் புரிந்துகொள்ளாத ஒரு சொல்லை வாய் சொல்லலாமா? அது பொய் ஆகாதா?”

“உனக்குக் கடவுள் புரிஞ்சாச்சா?”

“இல்லை.”

“காலையில பாட்டுல நல்லாத்தான் கூப்பிட்ட.”

சிற்றம்பலம் விடவில்லை. “சரி. அந்தப் புதிய சொல் எதற்கு? ‘அவர்’ என்று இருக்கிறதே. ஆணுக்கும் ஆகும், பெண்ணுக்கும் ஆகும், யாருக்கும் ஆகும். மரியாதையும் கூட. பொழிலை அவர் என்று சொன்னால் போதாதா?”

தேவானை ஒரு மிளகாயைத் திருப்பிப் போட்டாள். இன்னொன்றையும் திருப்பிப் போட்டாள்.

“சாயங்காலம் பார்க்கலாம்” என்றாள்.

தேவானைக்குப் பந்தியில் நிலையான இடம் கிடையாது. அன்று செங்கமலத்தை நகரச் சொல்லிவிட்டு, சிற்றம்பலத்தின் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். அங்குராசு சட்டியோடு வந்து நின்றான்.

“அவர் இன்று விறகு பிளந்தார்” என்றாள் தேவானை. “நன்றாகப் பிளந்தார். மிளகாய் காயும் இடத்தில் வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் நல்ல மனிதர்.”



“யாருக்குங்கம்மா?”

“அவருக்கு.”

கரண்டி சாய்ந்தது. மேலும் ஒரு கரண்டி சாய்ந்தது. அங்குராசு மறக்காமல் அப்பளமும் வைத்தான்.

சிற்றம்பலம் சோற்றைப் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. அவன் உட்கார்ந்திருந்தது அதே தரை, அதே பாய். இருந்தும் யாரோ அவன் இலையைத் தூக்கிப் பெஞ்சில் வைத்துவிட்டதுபோல இருந்தது. கையிலிருந்த சோறு ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அம்மா” என்றான். “நான் என்ன தவறு செய்தேன்?”

“தப்பா? மரியாதையாத்தானே சொன்னேன்.”

“நான் ‘அவன்’, அம்மா.” குரல் அவனுக்கே சிறுபிள்ளைத்தனமாகக் கேட்டது. “இங்கே நான் அவன்.”

“அப்படியா” என்றாள் தேவானை. ஊறுகாய் பரிமாறச் சொன்னாள்.

சிற்றம்பலம் நிமிர்ந்தபோது பெஞ்சிலிருந்து பொழில் தன்னைப் பார்ப்பது தெரிந்தது. அந்த முகத்தில் கேலி இருக்கும் என்று எதிர்பார்த்தான். இல்லை. சொந்த ஊர்க்காரரை வேற்றூர்ப் பேருந்து நிலையத்தில் கண்டதுபோன்ற பார்வை அது.

காலை விடிந்ததும் அவன் கிணற்றடிக்குப் போனான். பொழிலின் பேருந்து அடுத்த நாள் காலை என்று அங்குராசு சொல்லியிருந்தான். இருப்பது இந்த ஒரு நாள். ஒரு நாள் போதும். கடினமான வெளிநாட்டுப் பெயர்களை அவன் இதைவிடக் குறைந்த நேரத்தில் பழகியிருக்கிறான்.

கிணற்றுக்குள் குனிந்து சொன்னான்.

“அவிர் வந்திர்.”

கிணறு அதைத் திருப்பிச் சொன்னது. நல்ல ஒலி. வானொலி நிலையத்தின் அறைகூட இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

“அவிர் உண்டிர். அவிர் உறங்கினிர். அவிருடைய ஊர். அவிரோடு பேசினேன். அவிர் நாளை வருவிர்.”

முதலில் நாக்கு முரண்டு பிடித்தது. பிறகு வழிக்கு வந்தது. வெயில் ஏறுவதற்குள் சொல் வழுவழுவென்று ஆகிவிட்டது. அவனுக்குள் பழைய கர்வம் மெல்லத் தலை தூக்கியது.

தேவானை குடத்தோடு வந்தாள். சற்று நேரம் நின்று கேட்டாள்.

“யாரு?” என்றாள்.

“என்ன அம்மா?”

“வந்திர்ங்கற. உறங்கினிர்ங்கற. யாரு?”

“பொழில்தான்.”

“நேத்து எங்க உறங்கினிர்?”

சிற்றம்பலம் யோசித்தான். கொட்டகையிலா, கூடத்திலா? தெரியவில்லை.

“இன்னைக்கு என்ன செஞ்சிர்?”

அதுவும் தெரியவில்லை.

தேவானை கயிற்றை விட்டுத் தண்ணீர் சேந்தினாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“கிணத்துக்கும் தெரியாது, சிற்றம்பலம். அதைக் கேட்டுப் பிரயோஜனமில்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவன் தனக்குள் பின்னோக்கிப் போனான். இத்தனை நாளும் பொழிலைப் பற்றி என்ன சொன்னேன்? வேலியைப் பற்றிச் சொன்னேன். கொட்டகையின் தரையைப் பற்றி, மாட்டின் கண்களைப் பற்றிச் சொன்னேன். ஒரு சொல்லுக்குப் பயந்து சுற்றுவழி போனதாக நினைத்தேனே. அந்தச் சுற்றுவழியில் ஆளையே பார்க்காமல் வந்துவிட்டேனா? சொல் வரவில்லை என்பது காரணமா, சாக்கா? இரண்டும் கலந்துதான் இருந்திருக்க வேண்டும்.

அன்று அவன் விறகு பிளக்கவில்லை. கொட்டகைக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தான்.

“என்னங்கய்யா, உடம்பு சரியில்லையா?”

“நன்றாக இருக்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.”

“உட்காருங்க. வெயில் வந்தா நகந்துக்கோங்க.”

அவன் பார்த்தான். கன்றின் கழுத்துக் கயிறு இறுக்கமாக இல்லை. இழுத்தால் அவிழ்ந்துவிடும்படி ஒரு பக்கம் தளர்வாக முடிச்சுப் போடப்பட்டிருந்தது. கன்று அதை இழுக்காமலே நின்றது. வைக்கோல் உதறும் கைகள், ஒவ்வொரு பிடியிலும் முள் இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகே போட்டன.

மத்தியானம் கிழக்கு வேலிப் பக்கம் போனான். முழுமை பெற்றதாக அவன் முழங்கிய வேலி. அதன் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு முள் இல்லை. மறந்து விட்ட இடம் போலத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் கல் வைத்து ஒழுங்கு செய்யப்பட்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கீரிப்பிள்ளை அதன் வழியாக நுழைந்து, அவனை ஒருமுறை முறைத்துவிட்டுச் சோளக்காட்டுக்குள் போயிற்று.

சாயங்காலம் மாடுகள் மேய்ச்சலிலிருந்து திரும்பும் நேரம். வரப்பின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தபடி நின்ற பொழிலின் குரல் எழுந்தது.

“அஞ்சு ரோடு, அஞ்சு ரோடு, பழைய பஸ் ஸ்டாண்டு! ஏறு ஏறு ஏறு! உள்ள தள்ளி நில்லு! லச்சுமி, படியில தொங்காத!”

மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டகைக்குள் ஏறின. வாசற்படியில் தயங்கி நின்றது ஒரு செவலைப் பசு. அதன் முதுகில் ஒரு தட்டு விழுந்தது. “சில்லறை இருக்குதா உங்கிட்ட? இல்லையா? சரி போ.”

சிற்றம்பலம் வாயைப் பொத்திக்கொண்டான். அப்படியும் சிரிப்பு விரலிடுக்கில் வெளியே வந்தது. இப்படித்தான் அவிர் தினமும் மாடு கட்டுகிறிரா, இத்தனை நாளும் இது என் காதில் விழவே இல்லையே என்று நினைத்தான்.

நினைத்த பிறகுதான் எந்தச் சொல்லில் நினைத்தோம் என்பது அவனுக்கு உறைத்தது. அப்படியே நின்றான். யாரும் கூப்பிடாமல் ஒரு பறவை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. அசைந்தால் போய்விடுமோ என்று பயந்தான்.

பந்திக்கு இலை போட்டார்கள். பெஞ்சில் ஒரு இலை. பெஞ்சுக்கு அடியில் கட்டி வைத்த பை.

சிற்றம்பலம் வரிசையில் தன் இடத்துக்குப் போனான். உட்காரவில்லை. இலையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து பெஞ்சுக்கு இடப்பக்கமாகத் தரையில் உட்கார்ந்தான்.

அங்குராசு சட்டியோடு வந்து நின்றான். “ஏனுங்ணா, இது பெஞ்சு. பெஞ்சுக்குப் பேச்சு கிடையாது.”

“நான் தரையில்தானே இருக்கிறேன்.”

“நீங்க தரை. அவிரு பெஞ்சு.”

“வழக்கத்தில் இப்படி உட்காரக் கூடாது என்று இருக்கிறதா?”

அங்குராசு தேவானையைத் திரும்பிப் பார்த்தான். அவள் தன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

“சொல்லுங்க” என்றான் அங்குராசு.

சிற்றம்பலம் அங்குராசுவைப் பார்த்தான். தொண்டையைச் சரிசெய்தான். கிணற்றில் அவ்வளவு வழுவழுப்பாக வந்த சொல்லைத் தேடினான்.

“அவன்…”

பெஞ்சில் ஒரு கால் மெல்லப் பின்னால் நகர்ந்தது.

“இல்லை. அவ… அவிர்.” அவன் மறுபடி தொடங்கினான். “அவிர் கிழக்கு வேலியில் ஓர் ஓட்டை விட்டான். விட்டிர். கீரிப்பிள்ளைக்காக. வேலி முழுமை பெற்றது என்று நான் அன்று சொன்னேன். அது உண்மையில்லை. முழுமை பெறவில்லை. அவிர் பெறவிடவில்லை.”

செங்கமலம் களுக்கென்று சிரித்தாள்.

“கன்றை அவிர் அவிழ்ந்துபோகும்படிதான் கட்டுகிறார்… கட்டுகிறிர். அது போவதில்லை. சாயங்காலம் மாடுகளை ஷேர் ஆட்டோவில் ஏற்றினிர்.”

“என்னது?” என்றான் அங்குராசு.

“அஞ்சு ரோடு, பழைய பஸ் ஸ்டாண்டு. உள்ளே தள்ளி நிற்கச் சொன்னிர். லட்சுமி படியில் தொங்கினாள் என்று திட்டினிர். சில்லறை கேட்டிர்.”

செய்தி வாசிக்கும் குரலில் அது வந்ததால் வரிசை முழுவதும் குலுங்கியது. அங்குராசு சட்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

“அய்யோ, அதையுமா பார்த்தீங்க!” என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

“பேசக் கூடாது, பேசக் கூடாது” என்றாள் செங்கமலம். “நீ இங்க இல்ல.”

சிற்றம்பலம் சிரிக்கவில்லை. அவன் இன்னும் முடிக்கவில்லை.

“அவிர் நாளைக்குப் போகிறிர்” என்றான். “எனக்கு அது பிடிக்கவில்லை.”

அங்குராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியை எடுத்தான். கரண்டியை நிறைய மொண்டான்.

“யாருக்கு?”

“அவிருக்கு.”

கரண்டி சாயவில்லை. சாய இலை இல்லை. பொழில் இலையைச் சோற்றோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து இறங்கினிர். சோறு சரிந்தது. “புடி, புடி” என்று எல்லோரும் கத்தினார்கள். சிற்றம்பலம் ஓர் ஓரத்தைப் பிடித்தான். இலை கிழியாமல் தரைக்கு வந்தது. அவன் வலப்பக்கம் அவிர் சம்மணம் போட்டு உட்கார்ந்திர்.

“இப்ப ஊத்துங்கண்ணா” என்றிர்.

“ஊத்தறேன். ஆனா லச்சுமிக்கு நீ டிக்கெட் போடறது எனக்குத் தெரியாமப் போச்சே, அதுதான் வருத்தம்” என்றான் அங்குராசு.

அன்று குழம்பு பற்றவில்லை. ரசத்தில் தண்ணீர் விட்டுப் பெருக்கினார்கள்.

சாப்பாடு முடிந்து சிற்றம்பலம் கிணற்றடியில் கை கழுவினான். மலைக்கு மேல் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. கொட்டகையில் பொழில் பையைப் பழைய ஆணியிலேயே மாட்டிக்கொண்டிருந்திர். ஏதோ பாட்டை முணுமுணுத்திர். அவிருக்குப் பாட வராது என்பதும் சிற்றம்பலத்துக்கு இன்றுதான் தெரிந்தது.

தேவானை வந்து பக்கத்தில் நின்று கையை நீட்டினாள். அவன் செம்பால் தண்ணீர் ஊற்றினான்.

“தடுமாறிவிட்டேன் அம்மா.”

“ஆமா.”

“எத்தனை இடத்தில் தடுமாறினேன் என்று எனக்கே தெரியவில்லை.”

“கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

“வானொலியில் இத்தனை வருடம் வாசித்தேன். ஒருநாளும் இப்படி ஆனதில்லை.”

தேவானை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“அங்க உன் எதிர்ல யாரும் இல்லையே, சிற்றம்பலம்.”